ஒரு விழுக்காடு என்றால் ஒரு கரண்டியா?

சென்ற மாதம் மதிய நிகழ்ச்சி ஒன்றில், வீட்டிலேயே செய்யும் சரும லோஷன்களைப் பற்றிப் பேசினோம். ஒருவர் கற்றாழை என்றார். இன்னொருவர் தேங்காய் எண்ணெயை மிஞ்ச எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னார். நேரம் போனதே தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகும் புலனத்தில் செய்திகள் வந்தபடி இருந்தன. அவற்றில் ஒரு குரல்பதிவு மட்டும் மனதில் நின்றுவிட்டது. கிள்ளானிலிருந்து ஓர் அக்கா பேசியிருந்தார்.

"தங்கச்சி, அம்மாவுக்கு இனிப்பு நீர். கால் ரெண்டும் வறண்டு போய்க் கிடக்கு. கடையில வாங்குற லோஷன் வாசம் அவங்களுக்கு ஒத்துக்கல. என் மக ஒரு செய்முறை எடுத்துக் கொடுத்தா. அதுல எல்லாமே விழுக்காட்டுல இருக்கு. தண்ணி 75 விழுக்காடு, எண்ணெய் 12 விழுக்காடுன்னு. கடையில 20 விழுக்காடு கழிவுன்னா எவ்வளவுன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியும்மா. ஆனா இது எதோட விழுக்காடு? ஒரு விழுக்காடுன்னா ஒரு கரண்டின்னு வெச்சுக்கலாமா?"

அவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் சிலரும் கேட்டிருந்ததால், இந்த வாரம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் படித்தது ஊடகத் துறை, வேதியியல் அல்ல. ஆனால் அழகுப் பொருள் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பொருள்களைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அவளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கணக்கு மட்டும் என்னுடையது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டியதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அக்கா கேட்டதில் ஆக முக்கியமான சொல் 'எதோட' என்பதுதான். விழுக்காடு தனியாக நிற்காது. ஏதோ ஒன்றின் விழுக்காடாகத்தான் இருக்கும். கடையில் அது விலையின் விழுக்காடு. ரொட்டி சுடுபவர்களின் செய்முறையில் அது மாவின் விழுக்காடு. அவர்கள் மாவை 100 என்று வைத்துக்கொண்டு தண்ணீர் 65, உப்பு 2 என்று எழுதுவார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 160, 170 என்று போகும், அது அங்கே தவறே இல்லை. லோஷன் செய்முறையில் அப்படி இல்லை. செய்து முடித்த மொத்த லோஷனின் எடைதான் 100. தண்ணீர், எண்ணெய், மெழுகு, கடைசியில் விடும் இரண்டு சொட்டு வாசனை வரைக்கும் எல்லாமே அந்த 100-க்குள் அடங்க வேண்டும்.

வானொலிக்காரிக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது. எங்கள் ஒரு மணி நேர நிகழ்ச்சியும் இப்படித்தான். செய்திக்கு 5 நிமிடம், விளம்பரத்துக்கு 10, பேச்சுக்கு 10 என்று போனால் மிச்சம் 35 நிமிடம் பாட்டு. விருந்தினர் உற்சாகத்தில் 5 நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டார் என்று வையுங்கள். அதற்காக ஒரு மணி 65 நிமிடம் ஆகிவிடாது, ஒரு பாட்டுதான் போகும். லோஷனில் அந்தப் பாட்டின் இடத்தில் இருப்பது தண்ணீர். எதைக் கூட்டினாலும் தண்ணீரில் குறைக்க வேண்டும், எதைக் குறைத்தாலும் தண்ணீரில் கூட்ட வேண்டும்.

இனி அக்காவின் மகள் எடுத்துக் கொடுத்த செய்முறைக்கு வருவோம். தண்ணீர் 75, கிளிசரின் 3, சூரியகாந்தி எண்ணெய் 12, தேங்காய் எண்ணெய் 5, எமல்சிஃபையிங் மெழுகு 6, சீட்டைல் ஆல்கஹால் 2, பிரிசர்வேட்டிவ் 1.

எமல்சிஃபையிங் மெழுகு என்பது ஒட்டாத தண்ணீரையும் எண்ணெயையும் ஒட்ட வைக்கும் பொருள். தேன்மெழுகு தனியாக அந்த வேலையைச் செய்யாது, பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். சீட்டைல் ஆல்கஹாலில் ஆல்கஹால் என்று இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். அது வெள்ளை மெழுகுச் சீவல் போல இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள், லோஷனைக் கெட்டிப்படுத்தத்தான் சேர்க்கிறார்கள். பிரிசர்வேட்டிவ் என்பது கிருமியும் பூஞ்சையும் வளராமல் காப்பது. அதைப் பற்றித்தான் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 104 வருகிறது. இப்படிப்பட்ட செய்முறைகள் நிறையவே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் எந்த லோஷன் செய்முறை கையில் கிடைத்தாலும் முதல் வேலை கூட்டிப் பார்ப்பதுதான். 100 வரவில்லை என்றால் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒவ்வோர் எண்ணையும் 104-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கலாம். கணக்குப்படி சரிதான், ஆனால் தண்ணீர் 72.12, கிளிசரின் 2.88 என்று வால் நீண்ட எண்களாக வந்து நிற்கும். பிரிசர்வேட்டிவ்வும் 0.96 ஆகிவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, தண்ணீரில் 4 குறைத்து 71 ஆக்கிவிடுங்கள். லோஷன் ஒரு துளி கெட்டியாக வரும், வேறு வித்தியாசம் தெரியாது. இப்போது கூட்டுங்கள், 100.

அடுத்தது விழுக்காட்டைக் கிராமாக மாற்றுவது. இதற்குப் பலர் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கைப்பேசியில் பெருக்கி, வகுத்து, நடுவில் ஒரு சுழியத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்தால் போதும். எத்தனை கிராம் லோஷன் வேண்டும் என்று முடிவு செய்து, அதை 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருவது ஒரு விழுக்காட்டின் எடை. 250 கிராம் லோஷன் வேண்டுமென்றால் ஒரு விழுக்காடு 2.5 கிராம். அக்கா கேட்டாரே ஒரு விழுக்காடு என்றால் ஒரு கரண்டியா என்று, அதற்குப் பதில் இதுதான். எவ்வளவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எடை மாறும்.

250 கிராமுக்கு எல்லாவற்றையும் 2.5-ஆல் பெருக்கினால் தண்ணீர் 177.5 கிராம், கிளிசரின் 7.5, சூரியகாந்தி எண்ணெய் 30, தேங்காய் எண்ணெய் 12.5, எமல்சிஃபையிங் மெழுகு 15, சீட்டைல் ஆல்கஹால் 5, பிரிசர்வேட்டிவ் 2.5. பெருக்கி முடித்ததும் கிராம்களையும் ஒரு தடவை கூட்டிவிடுங்கள். 250 வந்தால் கணக்கு சரி.

முதல் தடவை செய்பவர்களுக்கு என் யோசனை, 100 கிராம் மட்டும் செய்யுங்கள். ஒரு விழுக்காடு ஒரு கிராம், பெருக்கலே வேண்டாம். செய்முறைத் தாளில் இருப்பதை அப்படியே நிறுத்துப் போடலாம். பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை.

தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கொடுக்க 50 கிராம் போத்தல் ஐந்து நிரப்ப வேண்டும் என்றால் சரியாக 250 கிராம் செய்யாதீர்கள். குடுவையின் ஓரத்தில் ஒட்டியது, அகப்பையில் ஒட்டியது எல்லாம் போக ஐந்தாவது போத்தல் முக்கால்தான் நிரம்பும். 270 கிராமுக்குத் திட்டமிடுங்கள். அப்போது ஒரு விழுக்காட்டின் எடை 2.7 கிராம். தண்ணீர் 191.7, மெழுகு 16.2, பிரிசர்வேட்டிவ் 2.7 என்று மற்றவையும் அதே எண்ணால் பெருகிக்கொள்ளும்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். வீட்டில் எமல்சிஃபையிங் மெழுகு 12 கிராம்தான் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு லோஷன் செய்யலாம்? 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2. ஒரு விழுக்காட்டின் எடை 2 கிராம், மொத்தம் 200 கிராம். பக்கத்து வீட்டு அத்தை கிராமில் எழுதிக் கொடுத்த செய்முறையை விழுக்காடாக்க வேண்டுமானால், எல்லாவற்றையும் கூட்டி வரும் மொத்தத்தால் ஒவ்வொன்றையும் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அப்படி மாற்றியதும் பல செய்முறைகளின் குட்டு வெளிப்பட்டுவிடும். சிலவற்றில் மெழுகே போதாது, சிலவற்றில் பிரிசர்வேட்டிவ் என்ற பேச்சே இருக்காது.

இதுவரை சொன்னது எல்லாம் எடைக் கணக்கு. இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார் பலர் அரிசியை அளந்தது பால் டின்னில். கெட்டிப்பால் தீர்ந்த டின்னைக் கழுவிக் காயவைத்து, ரெண்டு டின் அரிசிக்கு மூணு டின் தண்ணி என்று ஒரு தலைமுறையே சோறு வடித்திருக்கிறது. அதுவும் விகிதம்தான், நல்ல விகிதம். ஆனால் டின்னும் கரண்டியும் அளப்பது கன அளவை. லோஷன் செய்முறையில் இருக்கும் விழுக்காடு எடையைச் சேர்ந்தது.

5 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் 5 கிராம். அதே கரண்டியில் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 4.6 கிராம்தான், அதனால்தான் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. கிளிசரின் 6.3 கிராம். மெழுகு குருணையாகவோ சீவலாகவோ இருக்கும். அது ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்பது அள்ளும் கையைப் பொறுத்தது, என் கைக்கு ஒரு எடை, உங்கள் கைக்கு ஒரு எடை. சாம்பாரில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். லோஷனில் மெழுகு குறைந்தால் இரண்டு நாளில் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே என்று பிரிந்து நிற்கும். ஆகவே மில்லிலிட்டர் கோடு போட்ட கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கரண்டி ஆபத்தாக மாறும் இடம் ஒன்று உண்டு. அந்த ஒரு விழுக்காடு பிரிசர்வேட்டிவ்.

தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும். நம் ஊர் வெயிலும் ஈரமும் அதற்கு விருந்து. வைட்டமின் ஈ எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியை அது தடுக்காது. பார்ப்பதற்குப் பால் போல வெள்ளையாக, வாசம் மாறாமல் இருக்கும் லோஷனிலேயே கிருமி பெருகியிருக்கலாம். கண்ணுக்குப் பூஞ்சை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வீட்டில் செய்பவர்கள் அதிகம் வாங்கும் பிரிசர்வேட்டிவ் வகைகளில் ஒன்று, பத்தில் ஒன்பது பங்கு பினாக்ஸிஎத்தனால் உள்ள கலவை. அக்காவின் செய்முறையில் இருப்பதும் அதுதான். பினாக்ஸிஎத்தனாலுக்கு ஆசியான் அழகுப் பொருள் நெறிமுறை வைத்திருக்கும் உச்ச அளவு 1 விழுக்காடு. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றுவது அந்த நெறிமுறையைத்தான். இப்போது கரண்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி பினாக்ஸிஎத்தனால் கலவை ஏறக்குறைய 5.5 கிராம் இருக்கும். 250 கிராம் லோஷனில் அது 2.2 விழுக்காடு, அனுமதித்த அளவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரும எரிச்சலுக்கு அதுவே போதும்.

சிலர் இதற்கு நேர் எதிர். ரசாயனம் என்ற பயத்தில் இரண்டே சொட்டு விடுவார்கள். இரண்டு சொட்டு ஏறக்குறைய 0.1 கிராம், 250 கிராமில் அது 0.04 விழுக்காடு. கிருமிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. போட்டோம் என்ற திருப்தி மட்டும் நமக்கு மிஞ்சும். கரண்டிக்காரருக்கும் சொட்டுக்காரருக்கும் நடுவில் 50 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். இரண்டு பேரிடம் கேட்டாலும் "கொஞ்சமா போட்டேன்" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிரிசர்வேட்டிவ் தண்ணீருக்குத்தானே என்று தண்ணீரின் எடையில் ஒரு விழுக்காடு எடுப்பவர்கள் உண்டு. 177.5 கிராமில் ஒரு விழுக்காடு ஏறக்குறைய 1.8 கிராம். மொத்த லோஷனில் அது 0.7 விழுக்காடுதான். மறுபடியும் அதே 'எதோட' கேள்வி. வேறு வகைப் பிரிசர்வேட்டிவ் வாங்கியிருந்தால் அதன் அளவும் வேறு. சில வகைகளுக்கு 0.5 விழுக்காடே உச்சம். வாங்கும்போது கூடவே வரும் தாளில் எவ்வளவு, எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும் என்று இருக்கும். அந்தத் தாளை வீசிவிடாதீர்கள்.

சரி, 2.5 கிராமை எப்படி நிறுப்பது? சமையலறையில் கேக் செய்ய வைத்திருக்கும் மின்தராசு பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 2.5 கிராமுக்கு அது 2 என்றோ 3 என்றோ சொல்லும். 3 என்று காட்டும்போது உண்மையில் தட்டில் இருப்பது 2.5-ஆகவும் இருக்கலாம், 3.4-ஆகவும் இருக்கலாம். 3.4 என்றால் 1.36 விழுக்காடு. 50 கிராம் மட்டும் செய்து பார்ப்போம் என்று தொடங்கினால் இன்னும் மோசம். தேவைப்படுவது அரை கிராம், தராசு சுழியத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. செய்முறையிலேயே ஆகச் சிறிய பொருளின் எடை, தராசு காட்டும் ஆகச் சிறிய அளவைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஒரு கிராம் தராசு என்றால் பிரிசர்வேட்டிவ் 10 கிராம் வர வேண்டும். அதற்கு ஒரு கிலோ லோஷன் செய்ய வேண்டும். ஒரு கிலோவை எந்தக் குடும்பம் தீர்க்கப் போகிறது? அதற்குப் பதில் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடலாம். கைக்கு அடக்கமாக, நகைத் தராசு என்ற பெயரில் விற்கிறார்கள். பெரிய எடையை அது தாங்காது, அதனால் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் சமையல் தராசு, சின்னப் பொருள்களுக்கு இது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகை வாங்கப் போகும்போது நாம் எப்படி நிற்கிறோம்? தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும் குனிந்து, எண் அசையாமல் நிற்கும் வரை பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுகிறோம். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் குண்டுமணியை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். ஒரு குண்டுமணி ஏறக்குறைய 0.12 கிராம். மேலே சொன்ன இரண்டு சொட்டு அந்த எடை கூட வராது. தங்கத்துக்குக் காட்டும் கவனத்தில் பாதியை இந்த ஒரு விழுக்காட்டுக்குக் காட்டினால் போதும்.

நிறுக்கும்போது ஒரு சின்ன நுணுக்கம். கலவை இருக்கும் பெரிய குடுவையைத் தராசில் வைத்துக்கொண்டு அதில் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். பல மின்தராசுகள் மெதுவாக ஏறும் சிறு எடையை அசைவு என்று நினைத்துச் சுழியத்துக்கே திரும்பிவிடும். நீங்கள் விட்டுக்கொண்டே இருப்பீர்கள், அது காட்டவே காட்டாது. சின்னக் கிண்ணத்தில் தனியாக நிறுத்து, பிறகு கலவையில் ஊற்றி, கிண்ணத்தை வழித்துச் சேர்த்துவிடுங்கள்.

அடுப்பும் கணக்கை மாற்றும். தண்ணீரும் கிளிசரினும் ஒரு குடுவையில், எண்ணெயும் மெழுகுகளும் இன்னொன்றில், இரண்டையும் சுடுநீர்ச் சட்டியில் வைத்து 70 முதல் 75 டிகிரி வரை சூடேற்றித்தான் கலக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர்க் குடுவை வெறுமையாக 310 கிராம் என்று வையுங்கள். தண்ணீரும் கிளிசரினும் 185 கிராம் சேர்த்தால் 495. சூடேறிய பிறகு அடிப்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். 483.5 காட்டினால் 11.5 கிராம் ஆவியாகப் போயிருக்கிறது. அந்த அளவுக்குச் சூடான வடித்த நீரை ஊற்றி 495-க்குக் கொண்டுவந்துவிட்டுக் கலவுங்கள். செய்யாவிட்டால் 250 கிராம் என்று நினைத்தது 238.5 கிராமாக முடியும், மெழுகு 6 விழுக்காடு 6.3 ஆகிவிடும், மற்ற எல்லாமும் அதே போல் கொஞ்சம் கொஞ்சம் ஏறும். போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை ஏன் இவ்வளவு கெட்டி என்று குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரிசர்வேட்டிவ்வைக் கலவை 40 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறிய பிறகு சேர்ப்பது வழக்கம். அப்போதும் அது 100-க்குள் இருக்கும் ஒன்றுதான், 100-க்கு மேல் போடும் கொசுறு அல்ல.

மாற்றங்கள் செய்ய ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்றாழைச் சாறு 10 விழுக்காடு வேண்டுமா, தண்ணீரை 61 ஆக்குங்கள். வாசனை எண்ணெய் அரை விழுக்காடு என்றால் தண்ணீர் 70.5. சூரியகாந்தி எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் போட விருப்பமா, தாராளமாக, ஆனால் இரண்டு எண்ணெயும் சேர்ந்து 17 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். அந்த 17-க்குப் பொருத்தமாகத்தான் மெழுகு 6 வைத்திருக்கிறார்கள். பிரிசர்வேட்டிவ்வை மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். கற்றாழை, பன்னீர், மூலிகைச் சாறு சேர்த்தால் கிருமிக்குச் சாப்பாடு கூடுகிறது என்று அர்த்தம்.

அக்காவிடம் நான் முதலில் கேட்டது அம்மாவின் காலைப் பற்றித்தான். வெறும் வறட்சியா, வெடிப்பா? அவர் அன்று மாலையே குனிந்து பார்த்துவிட்டு மறுபதிவு அனுப்பினார். "ஒரு குதிகாலில் வெடிச்சு லேசா சிவந்திருக்கு தங்கச்சி. அம்மா சொல்லவே இல்ல. வலிக்கலையாம்."

வலிக்கவில்லை என்பதுதான் பயப்பட வேண்டிய செய்தி. நீரிழிவு நாள்பட இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும், புண் ஆற நாளாகும். தோல் திறந்திருக்கும் இடத்தில் வீட்டில் செய்த எதையும் தடவக் கூடாது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் நம் சமையலறை ஆய்வுக்கூடம் ஆகாது. அக்கா மறுநாளே அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வாசமில்லாத கிரீம் ஒன்று கொடுத்து, குதிகாலுக்கு மருந்தும் போட்டு, இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். கால் விரல்களுக்கு நடுவில் மட்டும் எந்தக் கிரீமும் தடவ வேண்டாம், அங்கே ஈரம் தங்கும் என்றும் தாதி சொல்லி அனுப்பினாராம். இதை வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் எல்லோரும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தினமும் பாத்திரம் கழுவிக் காய்ந்துபோன தன் கைகளுக்கு அக்கா அந்த 100 கிராம் லோஷனைச் செய்து பார்த்தார். தண்ணீர் 71, கூட்டினால் 100. மகள் நிறுத்தாள், இவர் கலக்கினாராம்.

அந்த மகளுக்கு இப்போது அடுத்த யோசனை வந்திருக்கிறது. தீபாவளிச் சந்தையில் போத்தல் 15 வெள்ளிக்கு விற்கலாமா என்று கேட்டிருக்கிறாள். துடிப்பான பிள்ளை. ஆனால் விற்பது வேறு கதை. மலேசியாவில் அழகுப் பொருளை விற்பனைக்கு விடும் முன், 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின் கீழ், என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கை செய்திருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்தின் தூய்மைக்கும் நெறிமுறை இருக்கிறது. வீட்டு அடுப்பில் செய்து சந்தையில் மேசை போடுவது அதற்குள் வராது. கொஞ்சமாகச் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

கொடுக்கும் போத்தலிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். செய்த தேதி, என்னென்ன பொருள், மொத்தம் எத்தனை கிராம் செய்தது, பிரிசர்வேட்டிவ் எது, எத்தனை விழுக்காடு. வாங்கிக்கொள்பவருக்கு ஏதாவது ஒவ்வாமை வந்தால் மருத்துவரிடம் காட்ட அந்தச் சீட்டு உதவும். என் தோழி, தன் வீட்டுக்குச் செய்வதை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வாசம் மாறினாலோ, நிறம் மாறினாலோ, தண்ணீர் பிரிந்து நின்றாலோ தேதியைப் பார்க்காமல் குப்பையில் போடுகிறாள். வாய் அகன்ற புட்டியில் விரலை விட்டு எடுக்காமல் அழுத்திப் பிழியும் போத்தலில் ஊற்றச் சொல்கிறாள். அழுத்தும் மூடி உள்ள போத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது.